சான்றிதழைக் கையில் கொடுக்க முன் பார்க்க வேண்டியது

மதுஷாவுக்கும் கார்த்திக்குக்கும்,

நான் ஓய்வு பெற்ற பிறகு உங்களுக்கு வருகிற என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் ஒரு நீலக் கோப்பு இருக்கிறது. பட்டமளிப்பு விழாவை எப்படி நடத்துவது என்று ஜெர்மன் மொழியில் பதினான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். மண்டபத்துக்கு எப்போது அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிப் போடுவது, பூச்சாடிகளை எந்த அலுமாரியில் தேடுவது, துணை மேயர் பேசத் தொடங்கினால் எப்படி நிறுத்துவது எல்லாம் அதில் உண்டு. அதில் இல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுத இரண்டு காரணம். மதுஷா டோர்ட்முண்டில் பிறந்தாலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் பத்து வருடம் இருந்தவள். கார்த்திக் ஈரோட்டிலிருந்து வந்தவர். இரண்டு பேருக்கும் விளங்கும். மற்றது, மேலிடத்தில் ஒருவருக்கும் இதை வாசிக்க ஏலாது.

பட்டமளிப்பு என்று நாங்கள் பெருமைக்குச் சொல்கிறோம். இது நகராட்சி நடத்துகிற மக்கள் கல்லூரி. இங்கே யோகா படிக்கலாம், ஸ்பானிய மொழி படிக்கலாம், காட்டில் காளான் இனம் பிரிக்கவும் படிக்கலாம். இவற்றுக்கு நடுவில், சின்ன வயதில் பள்ளிக்கூடம் முடிக்காதவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டே வந்து ஒன்பதாம், பத்தாம் வகுப்புச் சோதனை எழுதுகிறார்கள். எங்கள் விழா அவர்களுக்கு. இருபத்தாறு வருடம் நான் அதைச் செய்தேன். எல்லா வருடமும் ஏதோ ஒன்று பிழையாகப் போனது. பெரும்பாலும் பிழை விட்டது நான்.

நான் சேர்ந்தபோது விழா என்ற ஒன்று இல்லை. கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்குப் பின்னால் நான். சான்றிதழ் வாங்க வருகிறவர் வாசலில் உள்ள இயந்திரத்தில் இலக்கம் எடுத்துக்கொண்டு கதிரையில் இருக்க வேண்டும். இலக்கம் சுவரில் சிவப்பாக எரியும். அடையாள அட்டையைக் காட்டினால், கண்ணாடிக்குக் கீழே உள்ள இடைவெளியால் சான்றிதழைத் தள்ளிவிடுவேன். ஒரு கையெழுத்து. வாழ்த்துச் சொல்வது கட்டாயமில்லை. நேரம் இருந்தால் சொல்லலாம்.

ஒரு வியாழக்கிழமை காலை சிவமலர் வந்தார். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை, மூன்று பிள்ளைகள், நாற்பத்தொரு வயதில் பத்தாம் வகுப்பு முடித்தவர். நாங்கள் அனுப்பிய கடிதத்தில் 'உங்கள் சான்றிதழ் வழங்கப்படும்' என்று இருந்தது. 'வழங்கப்படும்' என்ற சொல்லைக் குடும்பம் முழுவதும் நம்பிவிட்டது. பட்டுச்சேலை உடுத்திய சிவமலர், கணவர், பிள்ளைகள், பாரிஸிலிருந்து வந்த மாமா மாமி, இன்னும் ஒரு வான் நிறைய ஆட்கள், தோளில் விளக்குக் கட்டிய வீடியோக்காரர். மொத்தம் பதினேழு பேர். அவர்கள் எடுத்த இலக்கம் அறுபத்துநாலு. சுவரில் ஐம்பத்தெட்டு எரிந்துகொண்டிருந்தது.

சிவமலரின் மாமனார் வந்து கண்ணாடியில் தட்டினார்.

"பிள்ளை, பிரதம விருந்தினர் வந்திட்டாரோ?"

"ஐயா, இங்கை அப்பிடி ஒருத்தரும் வாறேல்லை. இலக்கம் எரிஞ்சவுடனை வந்து வாங்கிக்கொண்டு போறதுதான்."

"ஆர் குடுக்கிறது?"

"நான்தான்."

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். அன்றைக்கு வெப்பமூட்டி வேலை செய்யாததால் நான் கழுத்தில் இரண்டு சால்வை சுற்றியிருந்தேன்.

"குறை நினைக்காதையுங்கோ," என்றார். "உங்களுக்கு மேலை ஒருதரும் இல்லையோ?"

வீடியோக்காரர் தன் பங்குக்கு வந்தார். "அக்கா, இந்தக் கண்ணாடியைக் கழட்ட ஏலாதோ? ஜெயிலிலை ஆளைப் பாக்க வந்த மாதிரி விழுகுது."

எனக்கு மேலே ஒருவர் இருந்தார். எங்கள் பிரிவுத் தலைவி. நாங்கள் எல்லோரும் ஷெஃபின் என்று கூப்பிட்டோம். அவருடைய பெயரை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நான் மேலே ஓடியபோது தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கீழே பதினேழு பேர் நிற்கிறார்கள். பேசுவதற்கு ஆள் வேண்டுமாம்."

"எவ்வளவு நேரம்?"

"அறுபத்துநாலு எரியும்வரைக்கும்."

ஷெஃபின் எழுந்தார். நாங்கள் கீழே வருவதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. அறுபத்துமூன்றாம் இலக்கக்காரர் ஒரு வயதான ஜெர்மன்காரர், நெடிய ஆள், சாம்பல் நிறக் கோட்டும் கழுத்துப்பட்டியும். மழையால் காளான் வகுப்பின் காட்டுப் பயணம் கைவிடப்பட்டதைப் பற்றி முறைப்பாடு கொடுக்க வந்தவர். வரிசைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றதைப் பார்த்து, பிரதம விருந்தினர் இவர்தான் என்று மாமனார் தீர்மானித்து, கையோடு கொண்டுவந்த மாலையைப் போட்டுவிட்டார். அந்த மனிதர் கழுத்தில் மல்லிகையுடன், முறைப்பாட்டுப் படிவத்தைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

ஷெஃபின் அவரைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த கதவைத் திறந்து, சான்றிதழை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சிவமலருக்கு முன்னால் நின்று பேசினார். மூன்று வருடம் வகுப்புக்கு வந்ததில் இரண்டு நாள்தான் வரவில்லை, அந்த இரண்டு நாளும் கடைசிப் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது என்றார். நான்தான் அந்த வரவுப் பதிவை ஒவ்வொரு வாரமும் கணினியில் ஏற்றியவள். எனக்கு அது தெரியாது. வாசிக்காமல் ஏற்றியிருக்கிறேன்.

முதலில் கை தட்டியவர் மாலை போட்டிருந்த மனிதர். முறைப்பாட்டைக் கொடுக்காமலே போனார். அடுத்த மூன்று வருடமும் விழாவுக்கு வந்து முன்வரிசையில் இருந்தார். யார் அழைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு சிவமலர் அந்த வீடியோவைக் கொண்டுவந்து காட்டினார். முழுப் பேச்சின்போதும் ஷெஃபினின் இடது கையில் தயிர்க் கரண்டி இருந்தது. ஷெஃபின் பார்த்துவிட்டு, "அடுத்த வருடம் ஒரு அறை வேண்டும்," என்றார். "கையில் கரண்டி இல்லாத ஒரு ஆளும் வேண்டும்."

எங்கள் கல்லூரியின் பட்டமளிப்பு விழா தொடங்கியது இப்படித்தான். ஆண்டு மலரில் வேறு ஏதோ காரணம் போட்டிருக்கிறார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது, கண்ணாடிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கதவு இருக்கும் என்பது. நான் தினமும் அந்தக் கதவால்தான் வேலைக்கு வந்து போனேன்.

தொப்பி வந்தது பல வருடம் கழித்து. படங்களில் பார்த்துவிட்டு, சதுரத் தொப்பி வேண்டும், அதை மேலே எறிய வேண்டும் என்று மாணவர்கள் கேட்டார்கள். எறிவது ஆபத்தா என்று ஆராயும் பொறுப்பு எங்கள் கட்டடப் பொறுப்பாளர் நோவாக்கிடம் போனது. நோவாக் எதையும் சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாத மனிதர். மாதிரிக்கு வந்த தொப்பியை வெறும் மண்டபத்தில் தனியாக நின்று மேலே எறிந்தார். அது புகை உணரும் கருவியில் பட்டது. தீயணைப்பு வண்டி இரண்டு வந்தது. மொழி வகுப்புகளில் இருந்த அத்தனை பேரோடும் நாங்கள் மழையில் வெளியே நின்றோம். நோவாக் தன் அறிக்கையில் 'எறிவது ஆபத்து, நேரில் உறுதிசெய்யப்பட்டது' என்று எழுதினார். தோள் உயரம் வரை தூக்கலாம் என்று முடிவானது.

தொப்பிகளை வாங்கியது நான். இணையத்தில் படத்தைப் பார்த்தேன், அழகாக இருந்தது, இருபத்தெட்டு என்று அழுத்தினேன். கீழே சின்ன எழுத்தில் 'மழலையர் நிறைவு விழாவுக்கு' என்று இருந்ததை வாசிக்கவில்லை. பெட்டி வந்தது விழா நாள் காலை. திறந்து ஒன்றை என் தலையில் வைத்தேன். கிண்ணத்தைக் கவிழ்த்தது போல உச்சியில் நின்றது. எங்கள் மாணவர்களில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருந்தார், தச்சுவேலைக்காரர் ஒருவர் இருந்தார், இரண்டு பேரன் கண்ட பெண் ஒருவர் இருந்தார்.

பெட்டியை ஒளித்துவிட்டு, கொண்டுவந்தவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லலாமா என்று ஷெஃபினிடம் கேட்டேன்.

"தொப்பி யாருடையது?" என்று கேட்டார்.

"மாணவர்களுடையது."

"அப்படியானால் அவர்களைக் கேளுங்கள். அதற்கு முதல், யார் வாங்கியது என்று சொல்லுங்கள்."

ஒலிவாங்கிக்கு முன்னால் ஜெர்மனில் நான் முதல்தடவை பேசியது அன்றுதான். 'தொப்பி சிறியது. அது என் பிழை. போடுவதா விடுவதா என்பது உங்கள் விருப்பம்.' மூன்று வசனம். பேருந்து ஓட்டுநர் எழுந்து வந்து, ஒன்றை எடுத்துத் தலையில் வைத்து, ரப்பர் நாடாவைத் தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டு திரும்பிப் போய் இருந்தார். சிரிக்கவில்லை. பிறகு வரிசையாக எல்லோரும் வந்தார்கள். இரண்டு மணித்தியாலம் அந்தத் தொப்பிகளுடன், துக்க வீட்டில் இருப்பது போன்ற முகத்துடன் இருந்தார்கள். துணை மேயர் தனக்கும் ஒன்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. கீழே ஒரு விளக்கமும் இல்லை.

பிழை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் இருந்தால், அதைச் சொல்கிற முதல் ஆள் நீங்களாக இருங்கள். இரண்டாவதாகச் சொன்னால் அது சாக்குப்போக்கு.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற பிழைகள். இனிச் சொல்லப்போவது அப்படிப்பட்டது இல்லை.

எங்கள் தமிழ்ப் பெயர்கள் இந்த நாட்டுப் படிவங்களில் என்ன பாடு படும் என்று உங்களுக்குத் தெரியும். தகப்பன் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குள் போகும். ஒரு வருடம் எங்களிடம் இரண்டு பேர் ஒன்பதாம் வகுப்புச் சோதனை எழுதினார்கள். ஒருவர் சிவராசா, அவருடைய தகப்பன் பெயர் ஞானசேகரம். மற்றவர் ஞானசேகரம், அவருடைய தகப்பன் பெயர் சிவராசா. உறவு கிடையாது, ஒருவரை ஒருவர் தெரியாது. முதலாமவருக்கு ஐம்பத்தெட்டு வயது, இரும்புப் பட்டறையில் வேலை, மாலை வகுப்பு. இரண்டாமவருக்கு முப்பத்தாறு வயது, பேரங்காடி ஒன்றில் வெறும் போத்தல்களைத் திருப்பி எடுக்கிற பகுதியில் வேலை, காலை வகுப்பு. குழப்பம் வராமல் முதலாமவரைச் சிவராசா அண்ணை என்றும் மற்றவரை ஞானம் என்றும் சொல்கிறேன்.

முடிவுகள் வந்தபோது, "இந்தப் பெயர்கள் உங்களுக்குத்தான் விளங்கும், கடிதங்களை நீங்களே அனுப்புங்கள்," என்றார் ஷெஃபின். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் பிறந்த திகதியைப் பார்க்கவில்லை. ஞானம் பாஸ், சிவராசா அண்ணை ஃபெயில். நான் விழா அழைப்பைச் சிவராசா அண்ணைக்கும், வருத்தத்துடன் அறிவிக்கிறோம் என்ற கடிதத்தை ஞானத்துக்கும் அனுப்பினேன். இரண்டிலும் கீழே என் பெயர்.

விழா பின்னேரம் நாலு மணிக்கு. மூன்று மணிக்கே சிவராசா அண்ணையின் சொந்தக்காரர் ஒரு வாடகை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஐம்பத்திரண்டு பேர். ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்து நின்ற நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் கூடவே கூட்டி வந்திருந்தார்கள். தவிலின் முதல் அடியிலேயே நோவாக் கைபேசியில் சத்தத்தை அளந்து, இதற்கு அனுமதி எடுக்கவில்லை என்று வாசித்த இரண்டு பேரையும் பஸ்ஸுக்குள் போய் இருக்கச் சொல்லிவிட்டார். சிவராசா அண்ணை வேட்டி சால்வையுடன் முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் மனைவி, மடியில் ஒரு பையில் மாலை.

மூன்று இருபதுக்கு நான் மேடை மேசையில் சான்றிதழ்களை அடுக்கினேன். முத்திரை சரியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தபோது ஞானசேகரம், சிவராசா என்ற பெயரில் கை நின்றது. பிறந்த ஆண்டைக் கணக்குப் பார்த்தேன். முப்பத்தாறு. முன்வரிசையில் இருந்தவருக்குத் தலை முழுதும் நரைத்திருந்தது.

ஷெஃபினின் அறைக்குப் போனபோது கையில் ஒரு யோசனையும் கொண்டுபோனேன். அச்சு இயந்திரம் பழுது என்று சொல்லுவோம். அவரை மேடைக்கு அழைத்து, உள்ளே தாள் வைக்காத வெறும் மட்டையைக் கொடுப்போம். உண்மையைத் திங்கட்கிழமை சொல்லுவோம். அவர் முழுதும் கேட்டார்.

"திங்கட்கிழமை அவரிடம் யார் சொல்வது?"

"நான்."

"அந்த நேரம் அவருக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள்?"

யோசித்தேன். "ஒருவரும் இல்லை."

"இன்றைக்கு?"

கதவு வழியாக மண்டபம் தெரிந்தது. "ஐம்பத்திரண்டு பேர்."

"அப்படியானால் இன்றைக்குச் சொல்லுங்கள்," என்றார். "நான் நேரம் பிடித்துத் தருகிறேன்."

மடக்குக் கதிரைகள் அடுக்கி வைக்கிற சின்ன அறைக்குச் சிவராசா அண்ணையைக் கூட்டிப்போனேன்.

"ஃபோட்டோ எடுக்கப்போறியளோ?" என்று கேட்டுச் சால்வையைச் சரிசெய்தார்.

"இல்லை அண்ணை. இருங்கோ. நான் ஒரு பிழை விட்டிட்டன். உங்களுக்கு வந்த கடிதம் வேறை ஒருதருக்கு வரவேண்டினது. நீங்கள் கணக்கிலை பாஸாகேல்லை."

அவர் சால்வையை எடுத்தார். நாலாக மடித்தார். முழங்காலில் வைத்தார்.

"எவ்வளவாலை?"

"ரெண்டு புள்ளியாலை."

"வட்டக் கணக்கு," என்றார். "அது பிழைச்சதெண்டு சோதினை முடிஞ்ச அண்டைக்கே மனுசிக்குச் சொன்னனான். கடிதம் வந்தாப் பிறகு, சரி, வயசைப் பாத்துக் கருணை காட்டியிருக்கிறாங்கள் எண்டு நினைச்சன். ஜெர்மன்காரன் கணக்கிலை கருணை காட்டமாட்டான் எண்டு எனக்கு அப்பவே விளங்கியிருக்கவேணும்."

மடித்த சால்வையைத் தடவினார். பிறகு கேட்டார்: "அப்ப எனக்கு வரவேண்டின கடிதம் ஆருக்குப் போனது?"

ஞானத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அவருக்கு இது தெரியுமோ?"

"இல்லை."

"இப்ப எங்கை நிக்கிறார்?"

வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்ல வேண்டும்: அந்த நிமிடம்வரை ஞானம் எங்கே நிற்கிறார் என்று நான் யோசிக்கவேயில்லை. தொலைபேசி எடுத்தேன், பதில் இல்லை. வேலைக்குப் போயிருப்பார்.

சிவராசா அண்ணை ஜன்னலால் முற்றத்தைப் பார்த்தார். "பஸ் சும்மாதானே நிக்குது," என்றார். "போய் ஏத்திக்கொண்டு வாங்கோ."

பஸ் சாரதியிடம் பேரங்காடியின் விலாசத்தைச் சொல்லி ஏறினேன். பின் இருக்கையில் மேளக்காரர் இருப்பதை நான் மறந்துவிட்டேன். பஸ் அசைந்ததும் ஊர்வலம் தொடங்கிவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். பேரங்காடி வாசலில் நான் இறங்கி ஓட, எனக்குப் பின்னால் அவர்களும் இறங்கி வாசிக்கத் தொடங்கினார்கள். காய்கறிகளைத் தாண்டி, பாற்கட்டிப் பகுதியைத் தாண்டி நாங்கள் போனோம். ஞானம் போத்தல் எடுக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில், சிவப்புச் சட்டையும் மார்பில் பெயர்ப் பட்டையுமாக நின்றார். கிளை முகாமையாளர் ஓடிவந்தார்.

"திருமணமா?" என்று கேட்டார்.

"சான்றிதழ்," என்றேன்.

அவர் என்னையும் தவிலையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு மணித்தியாலம் தரலாம்," என்றார்.

பஸ்ஸில் வரும்போது நடந்ததைச் சொன்னேன். ஞானம் முகத்தை வெளியே திருப்பியபடி கேட்டுக்கொண்டு வந்தார்.

"மூண்டு கிழமை அக்கா. அம்மாவுக்கு ஊருக்கு ஃபோன் எடுத்து ஃபெயிலெண்டு சொன்னனான். திரும்ப முழு வகுப்புக்கும் பதிஞ்சிட்டன்."

அது எனக்குத் தெரியும். அந்தப் பதிவை ஏற்றியதும் நான்தான்.

"கடிதத்துக்குக் கீழை உங்கடை பேர் இருந்தது," என்றார். "ஜெர்மன்காரர் ஆரும் கையெழுத்து வைச்சிருந்தா நான் வந்து திருப்பிக் கேட்டிருப்பன். எங்கடை ஆக்கள் எங்கடை பேரைப் பிழையா வாசிக்க மாட்டினம் எண்டு பேசாமல் இருந்திட்டன்."

பின்னால் தவில் முழங்கிக்கொண்டே வந்தது. நான் நிறுத்தச் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது நாலு முப்பத்தைந்து. ஷெஃபின் சொன்னபடி நேரம் பிடித்து வைத்திருந்தார். துணை மேயரிடம் போய், இன்றைக்கு நீண்ட நேரம் பேச முடியுமா என்று கேட்டாராம். இருபது வருட அரசியலில் இப்படி ஒருவரும் தன்னைக் கேட்டதில்லை என்று அவர் சொன்னாராம். நாங்கள் உள்ளே வரும்போது நகரத்தின் கழிவுநீர்க் குழாய்களுடைய வரலாற்றில் நின்றார். மண்டபம் முழுக்க வியர்த்துப்போய் இருந்தது.

சிவராசா அண்ணை எழுந்து மேடைப்பக்கம் வந்தார். "நானே சொல்லுறன்," என்றார். "நீங்கள் ஜெர்மனிலை சொல்லுங்கோ."

ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பேசினார். "வந்த எல்லாருக்கும் வணக்கம். நான் கணக்கிலை ரெண்டு புள்ளியாலை ஃபெயில். ஒஃபீஸிலை பேர் மாறிப்போச்சு. பாஸானவர் இந்தா நிக்கிறார். இவருக்கெண்டு இங்கை ஒருதரும் வரேல்லை. நீங்கள் வந்தனீங்கள்தானே, இவருக்குக் கை தட்டுங்கோ. பிறகு சாப்பிடுவம்."

நான் ஜெர்மனில் சொன்னேன். 'ஒஃபீஸிலை பேர் மாறிப்போச்சு' என்ற இடத்தில், 'பெயரை மாற்றி அனுப்பியது நான்' என்று சொன்னேன். சிவராசா அண்ணையின் மனைவி எழுந்து, பையிலிருந்து மாலையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, இதை ஃபிறிட்ஜிலை வைச்சா அடுத்த வருசம் மட்டும் கிடக்குமோ?"

"கிடக்காது அக்கா."

"அப்ப இவருக்கே போடுங்கோ," என்று ஞானத்தைக் காட்டினார்.

ஐம்பத்திரண்டு பேரும் எழுந்து கை தட்டினார்கள். நோவாக் கதவைத் திறந்து மேளக்காரரை உள்ளே விட்டார். இந்தமுறை சத்தத்தை அளக்கவில்லை. ஞானத்தின் கையில் சான்றிதழைக் கொடுத்ததும், அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். வேலைக்குத் திரும்ப வேண்டும். மாலையோடேயே பஸ்ஸில் ஏறிப்போய், மாலையோடேயே போத்தல் எடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவர் என்னை மன்னித்தார் என்று எழுத எனக்கு ஆசைதான். மன்னிக்கவில்லை. தெருவில் கண்டால் தலையை அசைப்பார், நின்று கதைப்பதில்லை. அந்த மூன்று கிழமையை எந்த மேளமும் திருப்பிக் கொடுக்காது.

அடுத்த நாள் ஷெஃபின் என்னை இரண்டு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். 'வருந்தத்தக்க ஒரு பெயர்க்குழப்பம் நிகழ்ந்துவிட்டது' என்று எழுதிக் கொண்டுபோனேன். அவர் ஒரு கோடு கிழித்தார்.

"நிகழ்ந்தது என்று எழுதாதீர்கள்," என்றார். "மழைதான் தானாக நிகழும். நீங்கள் செய்தீர்கள்."

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தரவில்லை. அந்த வேலையை என்னிடமிருந்து எடுக்கவும் இல்லை. அடுத்த வருடமும் கடிதங்களை நானே அனுப்பினேன், ஒவ்வொரு பிறந்த திகதியையும் வாய்விட்டு வாசித்து. பக்கத்து மேசைக்காரி என்னோடு ஒரு மாதம் கோபித்துக்கொண்டிருந்தாள்.

மதுஷா, கார்த்திக், உங்களுக்கும் இது வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு, இனிச் சரிபார்க்கத் தேவையில்லை என்று நினைப்பார். அந்த நிமிடத்தில்தான் நீங்கள் இரண்டு மடங்கு பார்க்க வேண்டும்.

சிவராசா அண்ணை மறுபடி ஒரு வருடம் வந்தார். இந்தமுறை கணக்கில் தேவைக்கு மேல் பதினொரு புள்ளி எடுத்துப் பாஸானார். விழாவுக்குப் பஸ் இல்லை, மேளம் இல்லை. அவரும் மனைவியும் மட்டும் வந்தார்கள். நான் பெயரை வாசித்தேன், துணை மேயர் கையைக் குலுக்கி மட்டையைக் கொடுத்தார். எல்லோரும் வாங்கியவுடன் இறங்கிப் போவார்கள். இவர் இறங்கவில்லை.

மேடையின் நடுவில் நின்று மட்டையைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். முதல் வரியில் விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினார். பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, பிறந்த ஊர், ஒவ்வொரு பாடமும் அதற்கு எதிரே உள்ள புள்ளியும், கையெழுத்து, முத்திரை. பியானோ வாசித்த பெண் பாட்டை முடித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினார். பிறகு இன்னொரு தரம். அடுத்த மாணவி படிக்கட்டில் ஒரு காலுடன் நின்றார். அவரைக் கூப்பிட நான் வாயெடுத்தேன். மேடையின் ஓரத்தில் நின்ற ஷெஃபின் தலையை மெல்ல ஆட்டி வேண்டாம் என்றார். அது ஷெஃபினுடைய கடைசி விழா.

சிவராசா அண்ணை முத்திரையைத் தாளின் பின்பக்கத்திலும் பார்த்துவிட்டு, மட்டையை மூடி, கண்ணாடியைக் கழற்றினார். ஒலிவாங்கிப் பக்கம் குனிந்தார்.

"ஓம், சரி," என்றார். "நான்தான்."

மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அது என்ன மொழி என்றே தெரியாது. இருந்தும் கை தட்டினார்கள். அவர் இறங்கிப் போய் மனைவிக்குப் பக்கத்தில் இருந்தார்.

நீலக் கோப்பின் ஒன்பதாம் பக்கத்தில், நிகழ்ச்சி நிரலின் நடுவில் நாலு நிமிடம் வெறுமையாக விட்டிருக்கிறேன். அதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. புதிதாக வருகிற மேலாளர் யாராவது அது வீண் நேரம் என்று எடுக்கச் சொல்லுவார். எடுக்காதையுங்கோ.